நஷ்டஈட்டுப் பணமும் வக்கீல் பீசும்

விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற இந்த நேரத்தில் இன்றைக்குக் கோர்ட்டு விஷயம் ஒன்றைச் சொல்லப் போகிறேன். வயலுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. சந்தைக்குப் போகிற வழியிலோ கரும்பு லோடு போகிற வழியிலோ குடும்பத்தைத் தாங்கின ஆள் லாரியில் அடிபட்டுப் போய்விட்டால், பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம் நிலமும், பின்னால் வரப்போகிற நஷ்டஈடும்தான். நிலம் இருந்த இடத்தில் இருக்கும். பணம் அப்படி இருக்காது. களத்து நெல் குதிருக்கு வந்து சேருகிற வரைக்கும் நமக்கு எத்தனை காவல் வேண்டியிருக்கு? நஷ்டஈட்டுப் பணத்துக்கும் அந்தக் காவல் வேண்டும்.

விபத்து நஷ்டஈடு வழக்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி நடக்கிறது. தீர்ப்பாயம் விசாரித்து, இன்சூரன்ஸ் கம்பெனி இவ்வளவு கொடுக்க வேண்டும், அதில் இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துத் தீர்ப்பு எழுதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை 12 லட்சம். மனைவிக்கு 4 லட்சம், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தலா 3 லட்சம், இறந்தவரின் தாயாருக்கு 2 லட்சம். இதில், "வக்கீலுக்கு நூற்றுக்கு 25" என்று யாரோ நடுவில் இருந்தவர் முதலிலேயே பேசி முடித்திருந்தால் 3 லட்சம் போய்விடும். அதாவது ஒரு பிள்ளையின் பங்கு முழுசும் போச்சு. அந்த 3 லட்சம் பாங்கியில் இருந்து, வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாசம் 1,500 ரூபாய் வந்திருக்கும். பள்ளிக்கூடத்துச் செலவுக்கு ஆகிற பணம்.

இப்படிப் பங்கு பேசுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? இல்லீங்க. வழக்கு ஜெயித்தால்தான் பீஸ் என்றோ, கிடைக்கிற தொகையில் இத்தனை பங்கு என்றோ வக்கீல் பேசக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. 1954-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் நடக்கிறது. ஏன் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எழவு விழுந்த வீட்டில் கையில் காசு இருக்காது. "இப்போ ஒண்ணும் தர வேண்டாம், பணம் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று ஒருத்தர் சொன்னால் அது தெய்வம் சொன்ன மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் போட்ட கைநாட்டு, மூணு வருஷம் கழித்துப் பிள்ளைகள் தலையில் விடியும்.

வக்கீலுக்குப் பீஸே தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு நிற்கிறார், சாட்சி விசாரிக்கிறார், டாக்டரைக் கூண்டில் ஏற்றுகிறார். அவருக்கும் பிழைப்பு இருக்கு. ஆனால் பீஸை ஒரு தொகையாகப் பேசுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் இவ்வளவு, இத்தனை தவணையில் தருகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாக்கியைப் பின்னால் தருவதாகவும் பேசலாம். கொடுத்ததற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். டைப் செலவு, நகல் செலவு தனி. அதற்கும் கணக்குக் கேட்கலாம். கேட்டால் கொடுக்க வேண்டியது வக்கீலின் கடமை, அதுவும் அதே விதிகளில்தான் இருக்கிறது. இன்னொன்று. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எதிர்க்கட்சி தர வேண்டிய செலவுத் தொகை, வக்கீல் கட்டணம் என்று அங்கே எழுதியிருக்கலாம். அது உங்கள் பீஸ் கணக்கில் சேர்ந்ததா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது வழக்கு நடத்துவதற்கான பீஸ். அடுத்ததுதான் ரொம்பப் பேர் ஏமாறுகிற இடம். பணம் வந்த பிறகு, "பிள்ளைகள் பணத்தை நான் பார்த்துக்கிறேன், டெபாசிட்டைப் புதுப்பிக்கணும், வட்டி எடுத்துத் தரணும், அதுக்கு வருஷத்துக்கு இவ்வளவு" என்று கேட்பார்கள். வக்கீல் கேட்கலாம், குமாஸ்தா கேட்கலாம், சொந்தக்காரரே கேட்கலாம்.

இங்கிலாந்து தேசத்தில் சொலிசிட்டர் என்கிற வக்கீல்கள் டிரஸ்டியாக இருந்து பெரிய நஷ்டஈட்டுத் தொகைகளை வருஷக்கணக்கில் நிர்வாகம் பண்ணுவதும், அந்தப் பணத்திலிருந்தே பீஸ் எடுப்பதும் உண்டு. தொழிலாகச் செய்கிற டிரஸ்டிக்கு நியாயமான ஊதியம் தரலாம் என்று அங்கே 2000-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. நம் நாட்டு 1882-ம் ஆண்டு டிரஸ்டு சட்டம் வேறு மாதிரி. பத்திரத்தில் எழுதியிருந்தால், அல்லது பொறுப்பை ஏற்கும்போதே உரியவரிடமோ கோர்ட்டிடமோ ஒப்பந்தம் செய்திருந்தால்தான் டிரஸ்டிக்கு ஊதியம். இல்லாவிட்டால் அவர் உழைப்புக்குக் கூலி கேட்க உரிமை இல்லை. நம் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தீர்ப்பாயம் பாங்கியில் போட்டு வைக்கிற பணத்துக்கு டிரஸ்டி யாரும் கிடையாது. காவல் கோர்ட்டினுடையது, பெட்டி பாங்கியினுடையது. நடுவில் யாருக்கும் கூலி வேண்டியதில்லை.

இந்தக் காவலுக்கு ஒழுங்குமுறை உண்டு. முதலில் குஜராத் ஹைகோர்ட்டு வகுத்தது அது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கு ஒன்றில் 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்று எல்லாத் தீர்ப்பாயங்களுக்கும் சொன்னது. மைனர் பங்கு, 18 வயசு முடிகிற வரைக்குமாவது நீண்டகால டெபாசிட்டில் இருக்க வேண்டும். விதவையின் பங்குக்கும் அதே முறை. அந்த டெபாசிட்டின் பேரில் பாங்கி கடன் கொடுக்கக்கூடாது. வட்டி மாசாமாசம் நேராக உரியவருக்கோ கார்டியனுக்கோ போக வேண்டும். தொகை பெரிசாக இருந்தால் ஒரே ரசீதாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் போடலாம். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. விதை நெல்லை ஒரே மூட்டையில் கட்டி வைக்கிறோமா என்ன?

"எங்க பணத்தை எங்களுக்கே தராமப் பூட்டி வைக்கிறாங்களே" என்று சில தாய்மார்கள் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் பூட்டுக்குச் சாவி உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு, படிப்புச் செலவு போன்ற அவசரத்துக்கு மனுப் போட்டுக் கேட்கலாம். விவசாயக் கருவி, ரிக்‌ஷா போலப் பிழைப்புக்கு ஆகிற சாமான் வாங்கப் படிக்காதவர்கள் மொத்தமாகக் கேட்டால் தீர்ப்பாயம் யோசிக்கலாம் என்று அந்த ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ஆனால் பணம் அதுக்குத்தான் போகிறது என்று நீதிபதிக்கு நம்பிக்கை வர வேண்டும். ஆகவே விலைப்பட்டியல், டாக்டர் சீட்டு, பள்ளிக்கூட பீஸ் சீட்டு எதுவானாலும் மனுவோடு வையுங்கள். விவரம் தெரிந்த வயசுவந்தவர்கள் கேட்கும்போது, விதி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு மறுக்கக்கூடாது என்றும் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

பாங்கி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். கணக்கு உங்கள் ஊருக்குக் கிட்டே உள்ள கிளையில், உங்கள் கையால் திறந்ததாக இருக்கட்டும். டவுனில் அவருக்குத் தெரிந்த கிளை வேண்டாம். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, டெபாசிட் ரசீது நகல் உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். செல்போன் நம்பரும் உங்களுடையதாகவே கொடுங்கள். பணம் வந்தால் செய்தி உங்களுக்குத்தானே வர வேண்டும். வெத்துத்தாளிலும், தொகை எழுதாத செக்கிலும், பணம் எடுக்கும் சீட்டிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீங்க. இன்சூரன்ஸ் பணம் உரியவரின் பாங்கிக் கணக்குக்கே நேராகப் போகும்படி செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு வழிகாட்டியிருக்கிறது. மனுப் போடும்போதே பாஸ்புக்கின் முதல் பக்க நகலைக் கொடுத்துவிட்டால் நல்லது.

பீஸ் தகராறு வந்து, "பாக்கியைக் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. நியாயமான பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூல் செய்துகொள்ளட்டும். பங்கு கேட்டு மிரட்டினாலோ, வந்த பணத்துக்குக் கணக்குச் சொல்லாவிட்டாலோ சென்னை ஹைகோர்ட்டு வளாகத்தில் இருக்கிற தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். ரசீதும் எழுத்தும் இருந்தால் புகாருக்குப் பலம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் கஷ்டம்தான்.

கையில் காசே இல்லாதவர்களுக்கு வழி? இருக்கு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், உடல் ஊனமுற்றவர்களுக்கும் இலவச வக்கீல் கிடைப்பார். வருமானம் குறைந்த மற்றவர்களும் கேட்கலாம். புருஷனை இழந்த ஒரு பெண் எவ்வளவு நிலம் வைத்திருந்தாலும் அவளுக்கு இந்த உரிமை உண்டு. ஜில்லா கோர்ட்டு வளாகத்திலும் தாலுகா கோர்ட்டிலும் ஆபீஸ் இருக்கிறது. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். வழக்குப் போட மட்டுமல்ல, டெபாசிட்டிலிருந்து பணம் எடுக்க மனு எழுதுவதற்கும் அங்கேயே வக்கீல் கேளுங்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்ததும் பணம் தானாக வீடு தேடி வராது. மகனோ மகளோ தாமே மனுப் போட வேண்டும். தீர்ப்பு நகல், டெபாசிட் ரசீது, வயசுக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, தன் பேரில் உள்ள பாங்கிக் கணக்கின் நகல், இவை போதும். வழக்கு நம்பரையும் தீர்ப்புத் தேதியையும் இப்பவே ஒரு நோட்டில் எழுதி, பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கிற இடத்தில் வையுங்கள்.