ஒரே தாவலில் வேலைக்குப் போகும் ஜம்ப் டேபிள்

மெனுவில் எதையோ க்ளிக் செய்கிறீர்கள். அதற்கான புரோகிராம் பகுதி மெமரியில் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? "இது முதல் கட்டளையா? இல்லை. இரண்டாவதா? இல்லை" என்று ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். மூன்று கட்டளைகள் என்றால் பரவாயில்லை. ஐம்பது இருந்தால் கடைசிக் கட்டளைக்கு ஐம்பது ஒப்பீடு!

எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. மூன்றாம் மகனைத் தேடி வருபவர் ஒவ்வொரு கதவாகத் தட்டுவதில்லை. எண்ணிக்கொண்டு நேரே போய்விடுவார். அசெம்பிளி மொழியில் ஜம்ப் டேபிள் செய்வதும் இதுதான்.

காரைக்குடியில் கல்லூரி லேபில் 8085 கிட்டில் இதைச் செய்து பார்த்தேன். டேபிள் 8100 என்ற ஹெக்ஸ் முகவரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகவரிக்கும் 2 பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 3-ஆம் கட்டளையின் முகவரி 8106-ல் இருக்கும். அதை எடுத்து எச்.எல். ரெஜிஸ்டரில் வைத்து, பி.சி.எச்.எல். என்ற கட்டளையைக் கொடுத்தால் பிராசசர் அங்கே தாவிவிடும். எந்தக் கட்டளையானாலும் ஒரே நேரம்தான்.

தாவுவதற்கு முன் எண் எல்லைக்குள் உள்ளதா என்று பார்ப்பது மிக முக்கியம். ஐந்தே கட்டளைகள் உள்ள டேபிளில் 9 என்று வந்தால், டேபிளுக்கு வெளியே கிடக்கும் ஏதோ இரண்டு பைட்டை முகவரி என்று நம்பி பிராசசர் பாயும். பிறகு ரீசெட் பட்டன்தான் கதி.

டாஸ் கால பி.சி.யிலும் இப்படி ஒரு டேபிள் உண்டு. மெமரியின் முதல் 1024 பைட்டில் 256 முகவரிகள், ஒவ்வொன்றும் 4 பைட். கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் 9-ஆம் இன்டரப்ட்; பிராசசர் 9×4=36-ஆம் பைட்டைப் பார்க்கும். யார் வேண்டுமானாலும் இதில் எழுதலாம் என்பதுதான் வினை. 1986-ல் லாகூரிலிருந்து வந்த பிரெய்ன் வைரஸ், டிஸ்க்கைப் படிக்கும் 19-ஆம் இன்டரப்ட்டின் முகவரியை மாற்றித் தன்னைச் செருகிக்கொண்டது. பூட் செக்டாரைப் படித்துப் பார்த்தவர்களுக்குப் பழைய, நல்ல செக்டாரையே காட்டி ஏமாற்றியது.

இன்றைய 64-பிட் விண்டோஸிலும் இன்டரப்ட் டேபிள் இருக்கிறது. ஆனால் சாதாரண புரோகிராம்கள் அதில் எழுத முடியாது. அதையும் மீறி யாராவது மாற்றியதைக் கண்டுபிடித்தால், விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும்.