சாமி சிலைகளை மீட்டுக் கொடுத்த ஓவியர்: தெரியுமா?

நியூயார்க்கில் இருக்கிறதே மெட்ரோபாலிட்டன் மியூசியம், உலகத்தின் பெரிய பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்று. அது 2018ல் இரண்டு கற்சிலைகளை நேபாளத்திடம் திருப்பிக் கொடுத்தது தெரியுமா? ஒன்று உமா மகேஸ்வரர், பாட்டன் நகரத்தில் தண்ணீர்த்துறை ஒன்றின் அருகே இருந்தவர். இன்னொன்று காத்மாண்டுவின் ஒரு தெருவில் நின்றிருந்த புத்தர். இரண்டும் திருட்டுப் பொருள் என்று காட்டிக் கொடுத்த சாட்சிகளில் முக்கியமானது ஒரு புத்தகம். அதைப் போட்டவர் போலீஸ்காரர் இல்லை, தொல்லியல் துறை அதிகாரியும் இல்லை. ஓர் ஓவியர்! அதுவும் நவீன ஓவியர்!

பெயர் லைன் சிங் பாங்தேல். நேபாளத்தில் அவரை நவீன ஓவியத்தின் தந்தை என்கிறார்கள். ஆனால் அவர் பிறந்தது நேபாளத்தில் இல்லை, நம் இந்தியாவில்! 1919ல் டார்ஜிலிங் மலையில், தேயிலைத் தோட்டத்துச் சூழலில் பிறந்தவர். கிழக்கு நேபாளத்திலிருந்து பிழைப்புக்காக இறங்கி வந்து அந்த மலைச்சரிவுகளில் குடியேறிய ராய் சமூகத்தின் வாரிசு. வீட்டில் பேச்சு நேபாளி, வெளியே ஆட்சி பிரிட்டிஷ்காரனுடையது. தாய்நாடு என்று பெரியவர்கள் சொன்ன தேசமோ எல்லைக்கு அந்தப் பக்கம்.

மலையை விட்டு இறங்கி கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்குப் போனார். 1945ல் படிப்பை முடித்தார். அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். நடுவில் வருகிறது 1943. வங்கப் பஞ்சம்! முப்பது லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்று கணக்குச் சொல்லும் பஞ்சம். கிராமத்து ஜனங்கள் கஞ்சித் தண்ணீருக்காகக் கல்கத்தா நடைபாதைகளில் வந்து விழுந்தார்கள். அப்போது அதே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஜைனுல் ஆபெதின். மலிவான பொட்டலக் காகிதத்தில், கரி கலந்த மையால் அந்த எலும்புக்கூடுகளை வரைந்து பேர் பெற்றவர். பாங்தேலும் பஞ்சத்தை வரைந்தார். இருபத்து நாலு வயது மாணவனுக்கு அந்த நகரம் எடுத்த பாடம் அது.

படிப்பு முடிந்ததும் விளம்பரக் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்தவர் யார் தெரியுமா? சத்யஜித் ராய்! பதேர் பாஞ்சாலி எல்லாம் அப்போது எங்கே வந்தது? பகலில் பிஸ்கட்டுக்கும் தேயிலைக்கும் படம் போட்டுக் கொடுக்கிற உலகத்தில் இருந்த இரண்டு பேர். ஒருவர் பின்னால் உலக சினிமாவுக்குப் போனார், ஒருவர் பாரிசுக்குப் போனார்.

பாரிசுக்குப் போகும் முன் செய்த காரியம் இன்னும் ஆச்சரியம். நாவல் எழுதினார்! ஒன்றல்ல, மூன்று. 1940களின் கடைசியில் வந்த ‘முலுக் பாஹிர’, பிழைப்புத் தேடி நாட்டுக்கு வெளியே போன நேபாளிகளின் கதை. பிறகு ‘மைதிகர்’. 1951ல் ‘லங்கடாகோ சாதி’, டார்ஜிலிங் தெருவில் திரியும் ஒரு நொண்டிப் பிச்சைக்காரன், அவனுக்குத் துணையாக ஒரு நாய். அதுவரை நேபாளி நாவலில் ராஜகுமாரர்களும் உபதேசங்களும் நடமாடிக்கொண்டிருக்க, இவர் பிச்சைக்காரனையும் கூலிக்காரனையும் கதாநாயகனாக்கினார். நேபாளி இலக்கியத்தில் யதார்த்த நாவலுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் என்ற பெயர் இன்றைக்கும் அவருக்கு உண்டு. ஓவியராகவே வராமல் போயிருந்தாலும் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நேபாளத்துக்குள் உட்கார்ந்து எழுத முடிந்திருக்குமா? சந்தேகம்தான்! அப்போது பிரதமர் பதவியைப் பரம்பரையாகப் பிடித்து நாட்டை ஆண்ட ராணாக்களின் ஆட்சியில் எழுத்து என்றாலே ஆபத்து. 1920ல் ஒருவர் மக்காச்சோள சாகுபடி பற்றிப் புத்தகம் போட்டார். ஆமாம், மக்காச்சோளம்! சோளத்தைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி அதில் எழுதியிருந்தது பிரதமரையும் அவர் ஆட்களையும் கிண்டல் செய்வதாக யாரோ கோள் மூட்டிவிட்டார்கள். எழுதிய கிருஷ்ணலால் அதிகாரிக்கு ஒன்பது ஆண்டு சிறை. உள்ளேயே இறந்துபோனார். அப்படிப்பட்ட காலத்தில் நேபாளி மொழி காசியிலும் டார்ஜிலிங்கிலும் கல்கத்தாவிலும்தான் மூச்சு விட்டது. பாங்தேல் வெளியே பிறந்தது ஒருவகையில் மொழிக்கு லாபம்.

1952ல் கப்பலேறி பாரிஸ். அங்கே புகழ்பெற்ற எகோல் தே போசார் கல்லூரி. பிக்காசோவும் பிராக்கும் ஓவிய உலகத்தைப் புரட்டிப் போட்டிருந்த நகரம் அது. பிறகு லண்டன். கையில் காசு குறைவு, கண்ணுக்கு முன்னால் விருந்து. நீலமும் சாம்பலுமாக, நீண்ட முகங்களோடு மனிதர்களை வரைந்தார். நேபாளிக் கவிஞர் தேவ்கோட்டாவின் ‘முனா மதன்’ காவியத்தையும் ஓவியமாக்கினார். மனைவியை விட்டுவிட்டுச் சம்பாதிக்க லாசாவுக்குப் போகும் காத்மாண்டு இளைஞனின் கதை அது. ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு நேபாளிக்கு அந்தக் கதை ஏன் பிடித்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1961ல் மன்னர் மகேந்திரர் கூப்பிட்டார், காத்மாண்டுவுக்குக் குடிவந்தார். வயது 42! மறு ஆண்டே ஓவியக் கண்காட்சி. நூற்றாண்டுகளாகத் துணியில் தெய்வ உருவங்களை இம்மி பிசகாமல் அளவெடுத்துத் தீட்டும் பௌபா ஓவியங்கள் வாழ்கிற ஊர் அது. அங்கே போய் உருவமே இல்லாத அரூப ஓவியங்களை மாட்டினார்! ‘மூன் ஓவர் காத்மாண்டு’ அந்தக் காலத்து ஓவியம்தான். நேபாளத்தின் நவீன ஓவிய வரலாற்றை அந்தக் கண்காட்சியிலிருந்து எண்ணத் தொடங்குகிறவர்கள் பலர்.

அதற்குப் பிறகு பதவிகள் வந்தன. ராயல் நேபாள அகாடமி உறுப்பினர், துணைவேந்தர், வேந்தர். நடுவில் 1966ல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் வாழ்க்கையை நாவலாக்கினார். 1968-69ல் அமெரிக்காவின் ஒஹையோவில் டெனிசன் பல்கலைக்கழகத்தில் ஃபுல்பிரைட் பேராசிரியராக நேபாளக் கலை பற்றிப் பாடம் நடத்தினார். இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் உண்மையான அதிசயம் இனிமேல்தான்.

அரூப ஓவியருக்குப் பழைய கற்சிலைகள் மேல் பித்துப் பிடித்தது! காத்மாண்டு பள்ளத்தாக்கின் சந்து பொந்துகளில் கேமராவோடு அலைந்தார். அங்கே சிலைகள் கோயிலுக்குள் மட்டும் இருப்பதில்லை. குழாயடியில், ஆலமரத்தடியில், வீட்டுச் சுவரில், மாடு கட்டுகிற முற்றத்தில், எங்கே பார்த்தாலும் சிலை. காலையில் குங்குமமும் பூவும் சாத்திவிட்டுப் போவார்கள், ராத்திரி காவலுக்கு யாரும் கிடையாது. 1982ல் ‘நேபாளத்தின் ஆதிச் சிற்பங்கள்’ பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். நேபாளச் சிற்பக் கலை, பள்ளத்தாக்கைப் பழங்காலத்தில் ஆண்ட லிச்சவி அரசர்களின் காலத்துக்கும் முந்தியது என்பது அவர் வாதம். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1992ல் காத்மாண்டுவின் மாலிகாவ் பகுதியில் வீட்டு அஸ்திவாரம் தோண்டியபோது ஆள் உயரத்துக்கு ஒரு மன்னன் சிலை கிடைத்தது. ஜயவர்மன்! பீடத்திலே பொறித்திருந்த ஆண்டைக் கணக்கிட்டால் கி.பி. 185. லிச்சவி காலக் கல்வெட்டுகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது!

ஆனால் அவர் படமெடுத்த சிலைகள் ஒன்றொன்றாய்க் காணாமல் போகத் தொடங்கின. இந்த முறை போனால் அந்தச் சாமி இல்லை. அடுத்த முறை போனால் பக்கத்துச் சாமியும் இல்லை. நேபாளம் 1951க்குப் பிறகு வெளிநாட்டாருக்குக் கதவைத் திறந்தது, கலைப் பொருள் சந்தையும் கூடவே உள்ளே நுழைந்துவிட்டது. ஃபர்பிங் ஊரில் குளத்தருகே இருந்த சரஸ்வதியின் தலையை மட்டும் அறுத்து எடுத்துப் போனார்கள். முழுச் சிலையைத் தூக்க முடியாவிட்டால் தலை போதும், விலை போகும்! (அந்தத் தலை பின்னாளில் நாடு திரும்பியது.)

1989ல் பாங்தேல் ‘நேபாளத்தின் களவுபோன சிலைகள்’ என்ற, முதலில் சொன்ன அந்தப் புத்தகத்தை வெளியிட்டார். பதிப்பித்தது ராயல் நேபாள அகாடமியே. அரசு அமைப்பின் தலைமையில் இருந்தவர், எங்கள் சாமிகள் களவு போய்விட்டன என்று அரசு அமைப்பின் பெயரிலேயே உலகத்துக்கு அறிவித்தார். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். புத்தகத்தைப் புரட்டினால் வயிற்றைப் பிசையும். ஒரு பக்கம் சிலை தன் இடத்தில் இருக்கும் படம். கூடவே அதே இடம், சிலை போன பிறகு: பெயர்த்த செங்கல், காலி மாடம். அழகான வாக்கியம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. இந்தச் சிலை இந்த ஊரில் இந்தச் சுவரில் இருந்தது என்பதற்கு அந்தப் படமே பத்திரம். பாங்தேலின் மிகப் பெரிய படைப்பு எது என்று கேட்டால், அவர் தூரிகையே படாத இந்தப் புத்தகத்தைத்தான் நான் சொல்வேன்.

அந்தப் புத்தகத்தில் இருந்த இன்னொரு சாமியின் கதையையும் கேளுங்கள். பாட்டனில் பட்கோ டோல் என்ற இடத்தில் லட்சுமி நாராயணர். நமக்கு அர்த்தநாரீசுவரர் தெரியும், பாதி சிவன், பாதி உமை. இவரோ பாதி விஷ்ணு, பாதி லட்சுமி! ஒரே உடல், ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். 1984ல் களவு போனார். 1990ல் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் கைமாறி, பிறகு டெக்சாஸில் டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் போய் நின்றார். ஊர்க்காரர்கள் மாற்றுச் சிலை ஒன்றை வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். களவுபோன சாமிகளைத் தேடித் தேடி ஓவியமாக வரைந்துவந்த அமெரிக்கர் ஜாய் லின் டேவிஸ்தான் டாலஸில் இருப்பது யார் என்று அடையாளம் கண்டவர். பிறகு எஃப்.பி.ஐ. தலையிட்டது. 2021 மார்ச்சில் சிலை நேபாளத் தூதரகத்திடம் வந்தது, அந்த டிசம்பரில் பழைய கோயிலிலேயே ஏறி அமர்ந்தது. 37 ஆண்டு!

அதைப் பார்க்க பாங்தேல் இல்லை. 2002ல் காலமாகிவிட்டார். அவர் மகள் தினா பாங்தேலும் கலை வரலாற்றறிஞராகப் பெயர் எடுத்தவர், அவரும் 2017ல் போய்ச் சேர்ந்தார். ஆனால் 1995ல் லைன் சிங் பாங்தேல் வெளியிட்ட பள்ளத்தாக்குக் கற்சிலைகளின் பட்டியல் நூலும், 1989 புத்தகமும் இன்றைக்கும் சும்மா இல்லை. பெயர் சொல்லாமல் சமூக ஊடகத்தில் இயங்கும் ‘லாஸ்ட் ஆர்ட்ஸ் ஆஃப் நேபாள்’ பக்கத்துக்காரர்களைப் போன்றவர்கள் வெளிநாட்டு அருங்காட்சியகப் படங்களையும் ஏலக் கடைகளின் விற்பனைப் பட்டியல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, மூக்கு உடைந்த இடம், விளிம்பில் சிதைந்த இடம் என்று பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போனால் அடுத்த கடிதம் போகிறது.