நிலவை நோக்கிச் சுட்ட பீரங்கி

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. வேலையற்றுப்போன பீரங்கி நிபுணர்கள் பால்டிமோர் நகரில் கூடி, நிலவுக்கே ஒரு குண்டு சுடுவதென்று தீர்மானிக்கிறார்கள். போர் முடிந்த அதே 1865இல் பிரான்சில் வெளியான ஜூல் வெர்னின் ‘பூமியிலிருந்து நிலவுக்கு’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. கதையைவிட அதிலுள்ள கணக்குகள்தான் என்னை அதிகம் ஈர்க்கின்றன.

குண்டின் வேகம் நொடிக்கு 12,000 கெஜம், அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பூமியின் பிடியிலிருந்து விடுபட 11.2 கிலோமீட்டர் வேண்டும் என்கிறது இன்றைய பாடப்புத்தகம். சுடுமிடம் ஃபுளோரிடா, நிலவு உச்சிக்கு வரும் அட்சரேகையைப் பார்த்துத் தேர்ந்த இடம். குண்டு அலுமினியத்தில் வார்த்தது. உள்ளே மூன்று மனிதர்கள். அவர்கள் மூச்சுவிடப் பொட்டாசியம் குளோரேட்டிலிருந்து ஆக்சிஜன். வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சக் காஸ்டிக் பொட்டாஷ். எவ்வளவு அக்கறை!

ஆனால் பீரங்கிக் குழாயின் நீளம் 900 அடிதான். அதற்குள் அத்தனை வேகத்தையும் எட்ட வேண்டுமானால், கிடைக்கும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. அப்போது உடலை அழுத்தும் விசை புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கும் மேல். அப்பல்லோ வீரர்கள் புறப்படும்போது தாங்கியது சுமார் 4 மடங்கு. வெர்ன் குண்டின் தரைக்கு அடியில் தண்ணீர் மெத்தை வைத்துப் பார்த்தார். அது காப்பாற்றாது, மூவரும் குழாயைத் தாண்டுமுன்பே நசுங்கிப்போயிருப்பார்கள்.

இந்தப் பிழையை எவரும் கண்டுபிடிக்க முடிந்ததே வெர்ன் அளவுகளை ஒளிக்காமல் எழுதியதால்தான். டிரான்சில்வேனியாவில் வளர்ந்த ஹெர்மன் ஓபர்த் சிறுவயதில் இந்த நாவலில் மூழ்கி, கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, பீரங்கி உதவாது என்று உணர்ந்து ராக்கெட்டின் பக்கம் திரும்பினார். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கியும் வெர்னைப் படித்து விண்வெளிக் கனவு கண்டவர். 1903இல் ராக்கெட் சமன்பாட்டை வெளியிட்டவர்.

வெர்னுக்கு ராக்கெட் தெரியாமலில்லை. குண்டிலேயே ராக்கெட்டுகளை ஏற்றி அனுப்பினார். காற்றில்லாத வெளியிலும் அவை எரியும் என்பதும் அவருக்குத் தெரியும். புறப்பட அல்ல, நிலவில் மெல்ல இறங்குவதற்காக அவற்றை வைத்தார். அந்த இடத்தில் அவர் யோசனை தப்பவில்லை. காற்றில்லாத நிலவில் பாராசூட் விரியாது என்பதால், 1969இல் அப்பல்லோவின் ஈகிள் கலமும் 2023இல் நம் விக்ரம் கலமும் கீழ்நோக்கி ராக்கெட்டை எரித்துத்தான் தரையிறங்கின.