மருந்து கேட்குமா? ரத்தம் சொல்லும் பதில்

வைரஸால் வரும் கல்லீரல் அழற்சிக்கு (ஹெபடைடிஸ்) தரப்படும் பெக்இன்டர்ஃபெரான் ஊசி எல்லோருக்கும் ஒரேபோலக் கேட்பதில்லை. வாரம் ஒன்று வீதம் பெரும்பாலும் 48 வாரம் போடப்படும் இந்த ஊசி, வைரஸோடு போராடும்படி உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. கூடவே காய்ச்சல், அசதி, ரத்த அணுக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். பலன் இருக்காது என்று முன்பே தெரிந்தால் அவதியும் செலவும் மிச்சம். அதைக் கணிக்கத்தான் ரத்தத்தில் உள்ள சில அடையாளங்கள் உதவுகின்றன.

ஹெபடைடிஸ் சி நோயில் அப்படி ஓர் அடையாளம் 2009-ல் தெரியவந்தது. 19-வது குரோமோசோமில், ஐஎல்28பி என்ற மரபணுவின் அருகே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ‘சி’ எழுத்தைப் பெற்றவர்கள் இன்டர்ஃபெரான் கூட்டுச் சிகிச்சையில் குணமாகும் வாய்ப்பு, இரண்டும் ‘டி’ எழுத்தாக உள்ளவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிறகு, 2013 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்தன. இவற்றைக் கூட்டாகக் கொடுத்தால் பெரும்பாலும் 12 வாரத்தில், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் குணமாகிறது. மரபணுச் சோதனைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஹெபடைடிஸ் பி வேறு மாதிரி. இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவில் வட்ட டிஎன்ஏவாகத் தங்கிவிடும். இன்றைய மருந்துகள் அதை வேரோடு அழிப்பதில்லை. எனவே கணிப்பு இங்கே இன்னும் தேவைப்படுகிறது. சிகிச்சைக்கு முன்பே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி நொதி உயர்ந்தும் வைரஸ் டிஎன்ஏ குறைந்தும் இருந்தால் ஊசி கேட்கும் வாய்ப்பு அதிகம். வைரஸின் மரபு வகையும் முக்கியம்: ‘ஏ’ வகை நன்றாக இணங்கும், இந்தியாவில் அதிகம் காணப்படும் ‘டி’ வகை அவ்வளவாக இணங்காது.

ஊசி தொடங்கிய பின் கவனிக்க வேண்டியது எச்பிஎஸ்ஏஜி என்ற வைரஸின் மேலுறைப் புரதம். 1960-களில் இதைக் கண்டறிந்த பரூக் பிளம்பெர்க் 1976-ல் நோபல் பரிசு பெற்றார். ரத்தத்தில் இது இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே முன்பு பார்த்தார்கள். இன்று அளந்தே சொல்ல முடிகிறது. இ-ஆன்டிஜென் என்ற இன்னொரு வைரஸ் புரதமும் ரத்தத்தில் உள்ள நோயாளிக்கு 12-வது வாரத்தில், வைரஸின் பி, சி மரபு வகைகளில் இந்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20,000 அலகுக்கு மேல் நின்றாலோ, ஏ, டி வகைகளில் சற்றும் இறங்காமல் இருந்தாலோ, ஊசியைத் தொடர்வதில் பலன் மிகக் குறைவு. ஆனால் அளவு இறங்கியவர்கள் எல்லோருக்கும் வெற்றி உறுதி என்றும் சொல்ல முடியாது. ‘கேட்காது’ என்று சொல்வதில்தான் இந்தச் சோதனை கெட்டி.

ஹெபடைடிஸ் பி-க்கு ஊசிக்குப் பதிலாக என்டகாவிர், டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுவோரின் ரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ தென்படாமலே போகலாம். அப்போதும் வட்ட டிஎன்ஏ வேலை செய்கிறதா என்பதை வைரஸின் ஆர்என்ஏவும், எச்பிசிஆர்ஏஜி என்ற புரதத் தொகுதியும் காட்டிக்கொடுக்கின்றன. மாத்திரையை யாருக்கு நிறுத்தலாம் என்று முடிவெடுக்க இவை உதவுமா என்பது ஆய்வில் இருக்கிறது. அறிக்கையில் எண் குறைந்ததைப் பார்த்து நோயாளியே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் செயலிழக்கும் நிலைகூட வரலாம்.