இரைப்பையில் வளையம், சஹனில் கை: சத்திர சிகிச்சைக்குப் பின்னரான சாப்பாடு

உடல் பருமனைக் குறைக்கச் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி நம்மூரில் இரண்டு பேச்சுக்கள் உண்டு. "காசைக் கொடுத்து மெலிந்துவிட்டார்" என்பது ஒன்று. "வயிற்றில் கை வைத்தாயிற்று, இனி ஒன்றும் சாப்பிட ஏலாது" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை.

இரைப்பையில் வளையம் பொருத்திக்கொண்டு பத்து வருடங்களாக வாழ்பவள் என்ற வகையில், அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதை விளக்க விரும்புகிறேன். நம்மில் பலர் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டும் வெளியில் சொல்வதில்லை. அதனால் அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கும் எப்படி நடந்துகொள்வதென்று தெரிவதில்லை.

வளையம் என்ன செய்கிறது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள். ஆகவே, போத்தலுக்கு எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வாய், கீழே ஒடுங்கிய குழாய். மெதுவாக ஊற்றினால் இறங்கும். அவசரப்பட்டால் மேலால் வழியும்.

'கெஸ்ட்ரிக் பேண்ட்' எனப்படுவது சிலிக்கனால் செய்த ஒரு வளையம். வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி அதைப் பொருத்துவார்கள். வளையத்துக்கு மேலே சுமார் 15 முதல் 30 மில்லிலீட்டர் வரை கொள்ளும் சிறிய பை ஒன்று உருவாகும். அது நிரம்பியதும் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். இரைப்பையின் எந்தப் பகுதியும் வெட்டி எடுக்கப்படுவதில்லை. தோலுக்கு அடியில் வைக்கப்படும் ஒரு சிறு வாயில் வழியாக ஊசியால் உப்பு நீரை ஏற்றியோ எடுத்தோ வளையத்தை இறுக்கலாம், தளர்த்தலாம். முதல் தடவை இறுக்குவது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகுதான்.

1990களில் ஐரோப்பாவில் பரவிய இந்த முறை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று இது குறைந்துவிட்டது. வளையம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்தல் போன்ற காரணங்களால் கணிசமானோருக்கு அதைப் பின்னர் அகற்ற நேர்ந்தது. இப்போது இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் 'ஸ்லீவ்' முறையையே அதிகமானோர் செய்கிறார்கள். எந்த முறையானாலும், கொஞ்சமாகவும் மெதுவாகவும் சாப்பிடப் பழகும் பாடம் ஒன்றுதான்.

புதிதாகச் சாப்பிடப் பழகுதல்

முதல் ஓரிரு வாரங்கள் நீராகாரம் மட்டும். பிறகு மசித்த உணவு. அதன் பிறகு மெதுவான உணவு. ஆறு வாரமளவில்தான் வழமையான சாப்பாடு. குழந்தைக்குச் சோறூட்டிப் பழக்கும் அதே ஒழுங்கு இது.

வழமையான சாப்பாடு என்றாலும் பழைய சாப்பாடு அல்ல. விரல் நகமளவு கவளம். கூழாகும் வரை மெல்ல வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது, முப்பது நிமிடம் தேவை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகே குடிக்கலாம். சோடா வகைகள் கூடவே கூடாது.

பாடசாலை இடைவேளை இருபது நிமிடம்தான். அதற்குள் பிள்ளைகள் இருவரின் சண்டையைத் தீர்க்க வேண்டும், கொப்பிகளையும் பார்க்க வேண்டும். ஆகவே நான் இடைவேளைக்குக் கொண்டுபோவது அவித்த முட்டை ஒன்று மட்டும். அது முடிந்தால் அடுத்த பாடவேளை முழுவதும் தண்ணீர் இல்லை. அதற்கடுத்த பாடவேளையில் போத்தலைத் திறந்து வாய் வாயாகக் குடிப்பேன். நேரசூசி பார்த்துத் தண்ணீர் குடிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் நீரிழப்பு வந்துவிடும்.

நம் சாப்பாட்டில் அதிகம் சிக்குவது பாண், ரொட்டி, கட்டியான சோறு, நார்ப்பிடிப்பான மாட்டிறைச்சி ஆகியவை. மீன் ஆணம், முட்டை, பருப்பு இலகுவாக இறங்கும். புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், சோறு பிறகு.

இங்கே ஒரு பொறியும் உண்டு. வளையம் இறைச்சியைத் தடுக்கும், வட்டிலப்பத்தைத் தடுக்காது. பலூடா, ஐஸ்கிரீம், சீனி போட்ட பால் தேநீர் எல்லாம் தடையின்றி வழுக்கிக்கொண்டு போய்விடும். சத்திர சிகிச்சை செய்தும் எடை குறையவில்லை என்பவர்களில் பலரின் கதை இதுதான். வளையம் அளவைக் குறைக்க உதவும். எதைச் சாப்பிடுவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ஒழுங்காக நடந்தால் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மெதுவாகக் குறையும்.

சஹனைச் சுற்றி

இந்த வாழ்க்கையில் மிகக் கடினமானது பசி அல்ல, உபசரிப்பு. கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் ஒரே சஹனில் கை வைக்கிறோம். மற்றவர்களின் வேகத்தோடு நம் கையும் ஓடுகிறது. எவ்வளவு சாப்பிட்டோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. "ஏன் சாப்பிடுறீங்க இல்ல?" என்று பக்கத்தில் இருப்பவர் இறைச்சித் துண்டொன்றை நம் பக்கம் தள்ளிவிடுவார். அது அன்புதான். ஆனால் மெல்லாமல் விழுங்கிய ஒரு துண்டு வளையத்தில் சிக்கினால் நெஞ்சு அடைக்கும், எச்சில் கூட இறங்காது, வாந்தியில்தான் முடியும். அடிக்கடி வாந்தி எடுத்தால் வளையம் நழுவும் ஆபத்தும் உண்டு.

நான் இப்போது வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லித் தனிப் பீங்கான் கேட்டுவிடுகிறேன். என் உம்மாவுக்கே இதை ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் எடுத்தது. "என்ன மகள் இது, பூனைக்கு வைக்கிற சோறா?" என்று கண் கலங்குவார். இன்று அந்தச் சின்னப் பீங்கானை எனக்காக எடுத்து வைப்பவர் அவர்தான்.

வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறைவாகச் சாப்பிடுபவரை வற்புறுத்துவது அந்தப் போதனைக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

நோன்பு காலம்

சத்திர சிகிச்சைக்குப் பின்னரான முதல் மாதங்களில் நோன்பு பிடிப்பது பற்றி வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, பிறகு களாச் செய்யலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எடை குறையும்போது மருந்தின் அளவையும் வைத்தியர் மாற்ற வேண்டியிருக்கும்.

உடல் தேறிய பிறகு, நோன்பு திறக்கும் நேரம்தான் சோதனை. பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றோடு ஒரே மூச்சில் சர்பத் குடிக்க முடியாது. ஒரு பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, சில மிடறு தண்ணீரோடு திறக்கிறேன். மஃரிப் தொழுத பிறகு அரைக் கோப்பை கஞ்சி. இரவுச் சாப்பாடு அதற்கும் பிறகு. இடையிலும் தராவீஹுக்குப் பிறகும் ஸஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். சமோசாவும் ரோல்ஸும் மற்றவர்களுக்கு.

கவனிக்க வேண்டியவை

விடாத வாந்தி, தண்ணீரும் இறங்காமை, இரவில் நெஞ்செரிவோடு இருமல், கடும் வயிற்று வலி, தோலடி வாயிலின் மேல் சிவந்து வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் செய்து காத்திருக்காமல் சத்திர சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைப் பார்மசியில் தாமாக வாங்கிப் போடக் கூடாது. விற்றமின் மாத்திரைகளை விட்டுவிடக் கூடாது. பெண்கள் முதல் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிவைப்பது நல்லது. கர்ப்பமானால் வளையத்தைத் தளர்த்த முடியும் என்பதால் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

குடும்பத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். மெலிந்துவிட்டார், மெலியவில்லை என்று பந்தியில் வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள். அதுவே போதும்.