வீட்டுக் கணினிக்கு இரண்டு காவல் வேண்டுமா?

தோட்டத்து லயமானாலும் சரி, சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங் பக்கத்துத் தாமான் வீடுகளானாலும் சரி, நம்மவர் இல்லங்களில் கணினி இன்று அதிசயப் பொருள் அன்று. 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறையே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. கடன்பட்டாவது ஒரு பழைய மடிக்கணினியை வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். பிள்ளையின் பாடத்துக்கென்று வந்த அந்தக் கணினியில்தான் இப்போது வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். ஊழியர் சேம நிதிக் கணக்கையும் பார்க்கிறோம். முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிச் சேர்த்த பணத்துக்கு வழி காட்டும் கதவு அது. அந்தக் கதவுக்குப் போதிய காவல் உண்டா என்று கேட்பது நியாயந்தானே?

இதில் பெற்றோர்க்கு ஒரு குழப்பம் உண்டு. "கணினியில் தனியாக ஃபயர்வால் மென்பொருள் போட வேண்டும், ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்" என்கிறார் விற்பவர். "வீட்டில் ரௌட்டர் இருக்கிறதே, அதுவே போதும்; மற்றதை அடைத்துவிடுங்கள், கணினி வேகமாக ஓடும்" என்கிறான் விவரம் தெரிந்த இளைஞன். இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. எப்படியென்று பார்ப்போம்.

ரௌட்டர் என்னும் கிராணி

பழைய தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். நூறு குடும்பங்கள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே முகவரிதான். கடிதங்களெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் கிராணி.

நம் வீட்டு ரௌட்டர் செய்வதும் இதே வேலைதான். இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகத்திலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அவை போதா. ஆகவே வீட்டுக்கு ஒரு முகவரி என்று வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு ரௌட்டரே உள்முகவரி கொடுத்துச் சமாளிக்கும் முறை 1994-இல் எழுதி வைக்கப்பட்டது. மகனுடைய கணினி வெளியே ஒன்றைக் கேட்டு அனுப்பினால், ரௌட்டர் அதைத் தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அந்தக் கணினியிடமே சேர்த்துவிடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒன்று வந்து தட்டினால், ஏட்டில் அதற்குக் குறிப்பு இல்லை, யாரிடம் கொடுப்பது என்று தெரியாது, எனவே தள்ளிவிடும்.

முகவரிப் பஞ்சத்துக்காக வந்த ஏற்பாடு இப்படிக் காவலாகவும் அமைந்துவிட்டது. வீட்டுக்குள் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதே வெளியிலுள்ளவனுக்கு எளிதில் தெரியாது. ரௌட்டரே போதும் என்று சொல்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

புதிய முகவரி முறையில் இந்தப் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வெளி முகவரி கிடைக்கிறது. அங்கே கிராணியின் ஏடு உதவாது. ரௌட்டருக்குள் இருக்கும் உண்மையான தடுப்புச் சுவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

2003 கற்பித்த பாடம்

பழைய கடைவரிசைகளில் இரு கடைகளுக்கு நடுவே, கூரைக்கும் மேலாக எழும்பி நிற்கும் செங்கற்சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கடையில் தீப்பிடித்தால் அடுத்த கடைக்குப் பரவாமல் தடுப்பதற்கான சுவர் அது. ஃபயர்வால், அதாவது தீச்சுவர், என்ற பெயர் இத்தகைய சுவரிலிருந்தே வந்தது. கணினிக்குள் இருக்கும் தீச்சுவர் என்பது, எந்தத் தொடர்பை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்த்து நிற்கும் மென்பொருள்.

நம் நாட்டில் ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவை 2001-இல் வந்தது. அந்நாளில் மோடத்தைக் கணினியோடு நேராகப் பூட்டி இணையம் பார்த்தவர்கள் பலர். நடுவே ரௌட்டர் இல்லை. அப்போது பரவலாக இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு தீச்சுவர் இருந்தும், அது அடைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. கணினி இணையத்தில் இருந்தாலே போதும், புழு தானே வந்து நுழைந்தது. அறுபது விநாடிகளில் கணினி அடைந்துவிடும் என்ற அறிவிப்பு திரையில் தோன்றி, அப்படியே அடைந்தும் போனது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கான திருத்தத்தை ஒரு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தும், அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டனர். ரௌட்டருக்குப் பின்னால் இருந்த கணினிகள் பெரும்பாலும் தப்பின.

அதன் பிறகு 2004 ஆகஸ்டில் வந்த திருத்தப் பதிப்பிலிருந்து விண்டோஸ் தீச்சுவர் தானாகவே இயங்கத் தொடங்கியது. இன்று வரை அப்படித்தான். நாம் காசு கொடுக்காமலே அந்தச் சுவர் நம் கணினிக்குள் நிற்கிறது.

வெளிவாசல் இருந்தால் வீட்டுக் கதவு வேண்டாமா?

தோட்டத்து நுழைவாயிலில் ஜாகா நிற்கிறார் என்பதற்காக, இரவில் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டா தூங்குகிறோம்? ஜாகா வெளியாளைத்தான் தடுப்பார். உள்ளே வந்துவிட்டவனை யார் தடுப்பது?

2017 மே 12-ஆம் நாள் வானாகிரை என்ற கொள்ளை மென்பொருள் கிளம்பி, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அங்கெல்லாம் வெளிவாசல் காவல் இல்லாமலா இருந்தது? ஒரு கணினி விழுந்ததும், அதே வளாகத்திலுள்ள அடுத்த கணினிக்கு அது தாவியது. லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசை முழுவதும் பரவுவது போல.

வீட்டிலும் இதே நிலைதான். மகனின் நண்பன் பழைய மடிக்கணினியோடு வந்து நம் வைஃபையில் சேருகிறான். மலிவாக வாங்கிய காமிரா ஒன்று அதே வைஃபையில் இருக்கிறது. இவற்றுக்கும் நம் கணினிக்கும் நடுவே ரௌட்டர் பொதுவாகத் தடுப்பு போடுவதில்லை. நம் கணினியின் சொந்தச் சுவர்தான் நிற்கிறது. மகள் அதே மடிக்கணினியைக் கல்லூரி விடுதிக்கோ உணவகத்துக்கோ எடுத்துப் போனால், வீட்டு ரௌட்டர் கூடப் போவதில்லை. அங்கே முன்பின் தெரியாத பலர் நடுவே அவளுடைய கணினி தனியாக இருக்கிறது.

ஆகவே, கணினியில் உள்ள தீச்சுவரை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஆனால் அதற்கு மேல் இன்னொன்றைப் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையற்ற செலவு. அத்தகைய மென்பொருள்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, கணினியிலிருந்து வெளியே போகும் தொடர்பையும் நிறுத்தி, "இதை விடலாமா?" என்று அவை கேட்கும். விண்டோஸ் தீச்சுவர் வழக்கமாக வெளியே போவதைத் தடுப்பதில்லை. ஆனால் பத்து முறை கேட்டால் பத்து முறையும் "சரி" என்று அழுத்துபவருக்கு அந்தக் கேள்வியால் என்ன பயன்?

கதவைத் திறந்துவிடுவது யார்?

எத்தனை சுவர் எழுப்பினாலும், நாமே அழைத்து வரும் விருந்தாளியைச் சுவர் தடுக்காது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய "ஐ லவ் யூ" மின்னஞ்சல் லட்சக்கணக்கான கணினிகளைக் கெடுத்தது. காதல் கடிதம் என்று நம்பி மக்களே அதைத் திறந்தார்கள். இன்று நம் நாட்டில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியாக ஏ.பி.கே. கோப்பு வருகிறது. அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வங்கிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. ரௌட்டரும் தீச்சுவரும் அங்கே வாய்மூடி நின்றன. ஏனெனில் கதவைத் திறந்தது வீட்டுக்காரரே.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து தீச்சுவர் இயங்குகிறதா என்று பாருங்கள். வெளியிடத்து வைஃபையில் சேரும்போது பொது வலை என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, ரௌட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான காமிராக்களையும் ரௌட்டர்களையும் அடிமைப்படுத்தியது. ஜாகாவே திருடனுக்கு வேலை செய்தால் வீட்டின் கதி என்ன? ரௌட்டரை வெளியிலிருந்து இயக்கும் வசதி தேவையில்லை என்றால் அதையும் அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கணினி புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் என்ன வழி என்று உடனே விசாரிக்க வேண்டும்.

நான்காவது, முக்கியமான கோப்புகளையும் குடும்பப் படங்களையும் தனி வன்தட்டில் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

ஐந்தாவது, இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறுகிறது.

வருமுன் காப்பவன்தான் அறிவாளி என்பார்கள். ரௌட்டரும் இருக்கட்டும், கணினியிலுள்ள சுவரும் இருக்கட்டும். இரண்டும் ஏற்கெனவே நம் வீட்டில் இருப்பவைதான். புதிதாக வேண்டியது, தெரியாத ஒன்று திரையில் தோன்றும்போது சற்று நிதானித்து, "இது யார் அனுப்பியது?" என்று பிள்ளைகளோடு சேர்ந்து கேட்கும் பழக்கம் ஒன்றே. அந்தப் பழக்கத்தை இன்று மாலையே தொடங்கலாமே!