வீட்டுப் பட்டறைக்கு டிரில்லிங் மெஷின்: வாங்குமுன் சில சிந்தனைகள்



இறைத்தூதர் தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபிமொழி அறிவிக்கிறது. அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்த செய்தியை அல்லாஹு தஆலா திருமறையின் 34ஆம் அத்தியாயத்தில் கூறுகின்றான். போர்க்கவசம் செய்யுமாறு இடப்பட்ட கட்டளையோடு, அதன் வளையங்களை அளவாக அமைக்க வேண்டுமென்பதும் அங்கே சேர்ந்தே வருகிறது. இரும்பு வேலைக்கு அளவே உயிர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வெளிநாட்டு உழைப்பை முடித்து ஊர் திரும்பும் சகோதரர்களில் சிலர், வீட்டை ஒட்டியே சிறு பட்டறை அமைத்து ஹலாலான வருவாய் தேட விழைகின்றனர். கைமெஷினால் இடும் துளை எளிதில் சாய்ந்துவிடும். கீல் துளை சற்றே விலகினாலும் கதவு தொங்கும். நேரான வேலைக்குக் கூலி பெற்றுக்கொண்டு கோணலான வேலையைக் கொடுப்பதும் அளவில் குறைவு செய்வதே அன்றோ? ஆகவே, தூணில் பொருத்திய டிரில்லிங் மெஷின் இத்தகைய பட்டறைக்குத் தேவையாகிறது.

தேவைக்கேற்ற அளவு

மேசைமீது பொருத்துவது பெஞ்ச் டிரில். தரையில் நிற்பது பில்லர் டிரில். கிரில், கீல், பிராக்கெட் போன்ற வேலைகளுக்கு 13 மி.மீ. அளவுள்ள பெஞ்ச் டிரில்லே பெரும்பாலும் போதும். இதற்கு அரைக் குதிரைத்திறன் மோட்டார் நிறைவாக உழைக்கும்; வீட்டு ஒருமுனை மின்சாரத்திலேயே ஓடும். பெரிய மெஷினைக் கண்டு மயங்கி, மும்முனை இணைப்புக்கும் சேர்த்துச் செலவிடுவது வீண்விரயமே.

அதிக வேகத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். நீங்களோ குறைந்த வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரண இரும்பில் 6 மி.மீ. துளைக்கு நிமிடத்திற்குச் சுமார் 1300 சுற்றுகள் ஏற்றவை, 12 மி.மீ. துளைக்குச் சுமார் 650 போதும். அதைவிட வேகமாக ஓட்டினால் டிரில் பிட் சூடேறி முனை மழுங்கிவிடும். சக்கின் மையத்திற்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். அது 150 மி.மீ. எனில், 300 மி.மீ. அகலத் தகட்டின் நடுவரையே எட்டும்.

கடையிலேயே சோதனை

வண்ணப் பூச்சைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். உடலும் மேசையும் கனமான வார்ப்பிரும்பாயின் அதிர்வு குறையும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கைப்பிடியை முழுவதும் கீழிறக்கி, சக்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். நேரான கம்பியொன்றைச் சக்கில் மாட்டிக் கையால் மெல்லச் சுற்றுங்கள், நுனி வட்டமிடலாகாது. மூலைமட்டத்தை மேசைமீது வைத்து, கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று நாற்புறமும் பாருங்கள். பழைய மெஷினாயின் இச்சோதனைகள் இன்னும் அவசியம். ஓடவிட்டு பேரிங் ஓசையையும் கேளுங்கள்.

உயிரும் அமானிதமே

வைஸுக்கும் கிளாம்புக்கும் பணம் ஒதுக்காமல் மெஷின் வாங்காதீர்கள். பிட் மறுபுறம் வெளிவரும் தருணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும்; கையால் பிடித்திருந்தால் விரல் போகும். கையுறை, ஜிப்பாவின் நீண்ட கை, தோளில் தொங்கும் துண்டு ஆகிய எதுவும் சுழலும் சக்கின் அருகே ஆகாது. சாவியைச் சக்கிலிருந்து எடுத்த பின்னரே சுவிட்சைத் தொடுங்கள். கண்ணாடி அணியுங்கள். இரும்புச் சீவலைத் தூரிகையால் தள்ளுங்கள். எர்த் இணைப்பும் இன்றியமையாதது. வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பட்டறையைப் பூட்டுங்கள்; வீட்டில் குழந்தைகள் உண்டு. அண்டை வீட்டாரின் உறக்க நேரத்தில் மெஷினை ஓட்டாதிருப்பதும் அவர்களுக்குரிய ஹக்காகும்.

சகோதரர்களே! வட்டித் தவணையில் பெரிய மெஷின் வாங்குவதைவிட, கையிலுள்ள பணத்தில் உறுதியான சிறிய மெஷினை வாங்குவதே மேல். அதில் நேராக விழும் ஒவ்வொரு துளையும் உங்கள் நாணயத்திற்குச் சாட்சி சொல்லும். அத்தகைய உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.